மேட்டில் மெலியும் காற்று

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தியத்தலாவை ஏறத்தாழ 1,250 மீற்றரில். ஹாலிஎல, பண்டாரவளை வழியாக வளைந்து வளைந்து ஏறும் அந்த வீதியில் சின்ன எஞ்சின் வண்டிகள் முனகுவதற்கு மேடுதான் காரணம் என்போம். பெரும்பகுதி அதுதான். ஆனால் தியத்தலாவையில் சமதரையாக ஓர் இடம் பார்த்து அதே வண்டியை ஓட்டினாலும் அது கொழும்பில் ஓடியதுபோல ஓடாது. மேட்டைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சினுக்கோ காற்றை நிறுக்கத் தெரியாது, கொள்ளளவால்தான் அளக்கும். 2,000 சீசீ எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்புகின்றன என்று வைத்துக்கொண்டால், 6,000 லீற்றர் காற்றை இழுக்கும். கடற்கரையில் அந்தக் காற்றின் எடை ஏறத்தாழ 7.3 கிலோ, தியத்தலாவையில் 6.5 கிலோ. பட்டிப்பொலையில் 6.1 கிலோதான். (பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்திலுள்ள, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். அடுத்த சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊவா.) காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். மலையில் குளிர் இருப்பதால் காற்று சற்றே செறிந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வளிமண்டல அமுக்கத்தை மட்டும் பார்த்தால் தியத்தலாவையில் இழப்பு 14 சதவீதம்; குளிர் அதில் இரண்டு மூன்று சதவீதத்தைத் திருப்பித் தருகிறது.

மலை பறிப்பதை இயந்திரத்தால் மீட்க முடியுமா என்ற கேள்வி பழையது. அல்பிரட் பியூகி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் 1905இல் ஒரு காப்புரிமை எடுத்தார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறதே, அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்து, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தால் என்ன என்பது அவர் யோசனை. டர்போ என்று நாம் சொல்லும் கருவி இன்றும் அடிப்படையில் அவ்வளவுதான்: ஒரு தண்டு, இரண்டு சக்கரம். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மொஸ், விமான எஞ்சினுக்காக இப்படி ஒரு கருவியைச் செய்தபோது அதை எங்கே சோதிப்பது என்ற சிக்கல் வந்தது. பறக்கும் விமானத்தில் வலுவை அளப்பது அந்நாளில் முடியாத காரியம். 1918இல் 12 சிலிண்டர் லிபர்ட்டி எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோனார். உயரம் 14,109 அடி. கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின் உச்சியில் 230தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356. விமானத்துக்கான ஒரு கண்டுபிடிப்பு மலை வீதி ஒன்றில்தான் தன்னை நிரூபித்தது என்பது மலைநாட்டவனான எனக்குப் பிடித்த செய்தி.

காற்றைத் திணிக்க வேறு வழியும் உண்டு. பதுளைப் பாதையில் ரயிலை இழுக்கும் எம்6 இயந்திரத்துக்குள் இருப்பது டர்போ அல்ல; எஞ்சினின் சொந்தத் தண்டே பல்சக்கரம் வழியாகச் சுழற்றும் ரூட்ஸ் ஊதி. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வரத்தொடங்கிய எம்2 இயந்திரங்களிலும் அதுவே. அவை இரண்டடிப்பு எஞ்சின்கள். வெளியிலிருந்து காற்று உள்ளே தள்ளப்படாவிட்டால் எரிந்த புகை சிலிண்டரை விட்டுப் போகாது. ஊதி இல்லாமல் அவை கிளம்பவே கிளம்பா. 1975இல் வந்த எம்4 நான்கடிப்பு எஞ்சின், அதனால் ஊதி இல்லாமல் டர்போவை மட்டும் பூட்ட முடிந்தது. ஊதி எஞ்சினின் வலுவிலேயே பங்கு கேட்கும். மிதித்தவுடன் வேலை செய்யும். டர்போ வீணாகும் புகையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் புகை சூடேறிப் பாயும்வரை காத்திருக்க வைக்கும். இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

தியத்தலாவையைச் சொல்லிவிட்டு ஃபொக்ஸ் ஹில்லைச் சொல்லாமல் விட முடியாது. ஃபொக்ஸ் என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலின் மாலுமிகள் மலைச்சரிவில் வெள்ளைக் கல்லால் பதித்த நரி உருவத்தால் வந்த பெயர் அது. இராணுவப் பயிற்சிக் கல்லூரியின் முன்னெடுப்பில் ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் பந்தயம் நடந்துவந்த மண் தடம் அங்கேதான். பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் சாதாரண காரின் பொனட்டைத் திறந்து வைத்து யோசிக்கும் இளைஞர்கள் மலையகத்தில் எல்லா ஊரிலும் உண்டு. ஜப்பானில் கழித்த வண்டிகளின் எஞ்சின்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு வந்து சேர்வதால் யோசனை ஆசையோடு நிற்பதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. அதற்குப் பிறகு ஓடுகிற வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டுவது நாடு முழுதும் வழக்கமாயிற்று.

எஞ்சின் மாற்றத்தின் பாடப்புத்தகம் என்று ஒரு வண்டியைச் சொல்லலாம்: 1989 முதல் 1999 வரை டொயோட்டா செய்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2. எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஒரே உடலில் இரு வகையும் வந்தன. டர்போ இல்லாததில் 3எஸ்-ஜிஇ எஞ்சின். ஜப்பானில் ஆரம்பத்தில் 165 குதிரைவலு. டர்போ வகையில் 3எஸ்-ஜிடிஇ; 225, பின்னாளில் 245. இரண்டும் ஒரே குடும்பம். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86, கொள்ளளவு 1,998 சீசீ. நம்மூர் வீதிகளில் அதிகம் தென்படும் ஸ்டார்லெட்டிலும் இதே கதை சின்ன அளவில் உண்டு: 1,331 சீசீ எஞ்சின், டர்போவோடு 135 குதிரைவலு.

குடும்பம் ஒன்று, அளவும் ஒன்று என்றால் பழைய எஞ்சினிலேயே ஒரு டர்போவைப் பூட்டிவிடலாமே, முழு எஞ்சினையும் ஏன் மாற்ற வேண்டும்? கராஜில் இந்தக் கேள்விக்கு "தாங்காது" என்ற ஒரு சொல்லில் பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் எது தாங்காது என்பதில்தான் பௌதிகம் இருக்கிறது.

காற்றை நெருக்கினால் அது சூடாகும். டர்போ இல்லாத 3எஸ்-ஜிஇயின் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 10. அதாவது பிஸ்டன் மேலே வரும்போது உள்ளிருக்கும் கலவை பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்க வேண்டும். 37 பாகை செல்சியஸில் நுழையும் காற்று, வெப்ப இழப்பையெல்லாம் விட்டுவிட்டுப் பார்க்கும் எளிய கணக்கில், 505 பாகைக்கு ஏறும். இப்போது டர்போ. அதுவும் ஒரு நெருக்கும் கருவிதானே? அதிலிருந்து வரும் காற்று, இன்டர்கூலரில் ஆறிய பிறகும் 60 பாகை இருக்கிறது என்போம். அதே பத்து மடங்கு நெருக்கினால் 563 பாகை. தீப்பொறிக்குக் காத்திராமல் கலவை தானே ஆங்காங்கே வெடிக்கத் தொடங்கும். நொக்கிங் என்பது இதுதான். பிஸ்டனின் விளிம்பைத் தின்னும், கெஸ்கட்டை ஊதித் தள்ளும். டொயோட்டா என்ன செய்தது? டர்போ எஞ்சினில் விகிதத்தை ஆரம்பத்தில் 8.8க்கும் பிறகு 8.5க்கும் இறக்கியது. 60 பாகைக் காற்றை 8.5 மடங்கு நெருக்கினால் 511 பாகை. டர்போ இல்லாத எஞ்சினின் 505க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள். டர்போ வெளியே சேர்த்த சூட்டைப் பிஸ்டன் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பிஸ்டன் இல்லாமல் டர்போவை மட்டும் பூட்டுவது பாதி எஞ்சினை மட்டும் மாற்றுவதுதான்.

ஒரு பெரிய நிறுவனமே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது. 1962இல் ஜெனரல் மோட்டர்ஸ் விற்ற ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நெருக்கல் விகிதத்தை 10.25இலேயே விட்டுவிட்டு, நொக்கிங்கைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைச் சிறு தாங்கியிலிருந்து எஞ்சினுக்குள் தெளித்தார்கள். தாங்கியை நிரப்ப வேண்டியது உரிமையாளர். அவர் மறந்தார். 1965இல் நிறுவனம் அந்தக் கார்களின் டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேட்டரைப் பூட்டிக்கொடுக்க முன்வந்தது. நம் இளைஞர்கள் போகும் பாதையில் எதிர்த்திசைப் பயணம். கழற்றாமல் தப்பிய ஜெட்ஃபயருக்கு இன்று பழைய கார் சேகரிப்போரிடம் நல்ல விலை என்பது வேறு கதை.

மலைக்குரிய ஒரு நுணுக்கம் இங்கே சேரும். மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு நொக்கிங் அபாயம் குறைவு. பண்டாரவளையில் 92 ஒக்டேன் பெற்றோலோடு சமாளிக்கும் வண்டி கொழும்பு வெயிலில் முறையிடலாம். மலை தரும் ஒரேயொரு சலுகை இதுதான். டர்போவைப் பூட்டினால் அதுவும் போய்விடும். 95தான் ஊற்ற வேண்டும்.

எஞ்சினோடு அதன் மூளையும் வர வேண்டும். டர்போ இல்லாத வண்டிகள் பலவற்றின் அமுக்க உணரி வளிமண்டல அமுக்கம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் தேவைப்படும் என்று அதைச் செய்தவர் நினைக்கவில்லை. உள்ளே ஒன்றரை மடங்கு காற்று பாய்ந்தாலும் அது ஒரு மடங்கு என்றே சொல்லும். கணினி அதை நம்பி அதற்கேற்ற பெற்றோலைத்தான் விடும். காற்று கூடி, எரிபொருள் குறைந்த கலவை, அதுவும் முழுச் சுமையில். பிஸ்டனில் துளை விழ நேரம் ஆகாது. ஆகவே கணினி, வயரிங், இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். எஞ்சினை மட்டும் வாங்குவதைவிட, கண்ணாடிக்கு முன்பக்கமோ பின்பக்கமோ வெட்டியெடுத்த பாதி வண்டியாக வாங்குவது லாபம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். எம்ஆர்2 என்றால் பின்பாதி.

இனி டர்போ வந்துவிட்டால் மலை ஒன்றும் செய்யாது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதை நான் முழுதாக ஏற்பதில்லை. டர்போ எவ்வளவு ஊதலாம் என்று கட்டுப்படுத்தும் வால்வு, பழைய வகைகளில், ஒரு சுருள்வில்லை நம்பி வேலை செய்கிறது. அந்த வில் ஊதும் காற்றை வெளிக்காற்றோடு ஒப்பிட்டே திறக்கும். வெளிக்காற்றைவிட 0.6 பார் கூட என்று வைத்தால் கொழும்பில் எஞ்சினுக்குள் மொத்தம் 1.61 பார்; தியத்தலாவையில் வெளியே 0.87தான், ஆகவே மொத்தம் 1.47. இழப்பு ஏறத்தாழ 9 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது 14. குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை.

மிச்சத்தையும் மீட்க வேண்டுமென்று ஊதலைக் கூட்டினால்? 1.6 பாரை எட்ட, கொழும்பில் டர்போ காற்றை 1.58 மடங்கு நெருக்கினால் போதும். தியத்தலாவையில் 1.84 மடங்கு நெருக்க வேண்டும். டர்போவின் திறமை 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் 30 பாகையில் நுழையும் காற்று 90 பாகையில் வெளியே வரும். தியத்தலாவையில் 25 பாகையில், அதாவது அதைவிடக் குளிராக, நுழையும் காற்று 106 பாகையில் வெளியே வரும். தண்டும் இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். மலை பறித்ததைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கணக்கு இன்டர்கூலரிலும் டர்போவின் தண்டைத் தாங்கும் பெயாரிங்குகளிலும் எழுதப்படும். அந்தப் பெயாரிங்குகளைக் காப்பது முக்கியமாக எஞ்சின் எண்ணெய்தான். மேடேறி வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூடான பெயாரிங்குக்குள் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துவது நல்லது. டர்போ டீசல் லொறி ஓட்டுபவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முறுக்கத்துக்கு வருவோம். 165 குதிரைவலு எஞ்சின் தந்தது 191 நியூற்றன் மீற்றர். டர்போ எஞ்சின் தருவது 304. ஏறத்தாழ 60 சதவீதம் கூட. கியர்பெட்டியின் பற்கள், கிளச், சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கூடுதல் போய்ச் சேரும். டொயோட்டா டர்போ வகைக்கு இ153 என்ற வேறு, தடித்த கியர்பெட்டியைக் கொடுத்தது, மற்றதற்கு எஸ்54. பணத்தைச் சேமிக்க எஸ்54ஐ அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. மெல்ல ஓட்டினால் காலம் தள்ளும். மெல்ல ஓட்டவா டர்போ வாங்கினோம்?

இவ்வளவும் எதற்கு என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஏறிய வண்டி 1,400 கிலோ. 8 சதவீத மேட்டில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 12 கிலோவாற்று. சக்கர உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்தால் 16 என்று வையுங்கள். அது 22 குதிரைவலு. அதாவது ஹப்புத்தளைக்கு ஏற 225 குதிரைவலு வேண்டியதில்லை; பத்தில் ஒரு பங்கு போதும். டர்போ தருவது ஏறும் திறனை அல்ல, வளைவு முடிந்ததும் வேகம் பிடிக்கும் திறனை. அங்கேதான் அந்தக் காத்திருப்பு குறுக்கிடும். கொண்டை ஊசி வளைவுக்குள் கால் எடுத்ததும் புகை குறைந்து டர்போவின் சுழற்சி தளர்கிறது. வளைவின் நடுவில் மறுபடி மிதித்தால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. ஓட்டுபவர் இன்னும் மிதிப்பார். சக்கரம் இன்னும் நேராகாத நொடியில் முறுக்கம் மொத்தமாக வந்து சேரும். எஞ்சின் பின்னால் இருக்கும் எம்ஆர்2இல் வால்பக்கம் வெளியே வீசும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பசறை வீதியில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மண் தடத்திலும் விளையாட்டில்லை: 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய ஒரு கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். வேகம் இரட்டித்தால் வண்டி சுமக்கும் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். எஞ்சின் எதுவானாலும் இந்த விதி ஒன்றுதான்.

ஏறியதைப் பற்றியே பேசுகிறோம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 840 மீற்றர் இறக்கம். அதே 1,400 கிலோ வண்டி அந்த இறக்கத்தில் ஒரு கோடியே 15 லட்சம் யூல் சக்தியை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். அது 30 லீற்றருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு லயத்துக்கே தேநீர் ஊற்றக்கூடிய வெப்பம். நான்கு பிரேக் டிஸ்க்குகளும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்றால், வெப்பம் முழுவதும் அங்கேயே தங்கினால் அவை 1,200 பாகைக்கு மேல் சூடாகும். வார்ப்பிரும்பு உருகும் சூடு அது. உருகாமல் இருப்பது காற்று ஆற்றிக்கொண்டே வருவதாலும், எஞ்சின் ஒரு பங்கைத் தாங்குவதாலும்தான்.

ஆனால் இறக்கத்தில் டர்போ உதவாது. காலை எடுத்த எஞ்சினிலிருந்து சூடான புகை வருவதில்லை. சக்கரம் சோம்பிக் கிடக்கும். பெற்றோல் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, மூடிய திரொட்டிலுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடத்தை எதிர்த்துப் பிஸ்டன் இழுப்பதாலும் எஞ்சினின் உள் உராய்வாலும்தான். அந்த வெற்றிடத்தின் பிடிக்கு எல்லை வளிமண்டல அமுக்கம். மலையில் அதுவும் குறைவு. 245 குதிரைவலு எஞ்சின் இறங்கும்போது பழைய 165 குதிரைவலு எஞ்சினைவிடக் கூடுதலாக ஒன்றும் பிடிக்காது. இரண்டும் அதே 1,998 சீசீ.

மலையில் வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு ஒரு விதி தெரியும்: ஏறிய கியரிலேயே இறங்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சரியாகப் பொருந்தும் விதி. மாற்றிய எஞ்சின் அந்த மேட்டை மூன்றாம் கியரில், சில இடங்களில் நான்கிலேயே, ஏறிவிடும். அதே கியரில் இறங்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும். எஞ்சினை மாற்றியவர் டிஸ்க்கையும் பேட்டையும் பிரேக் எண்ணெயையும் அதே வாரத்தில் மாற்றட்டும். வெல்லவாயவுக்கு இறங்கும்போது, கழற்றிப்போட்ட பழைய எஞ்சின் எந்தக் கியரில் ஏறியிருக்குமோ அந்த இரண்டாம் கியரில் இறங்கட்டும்.